ஊசி குத்திய பிள்ளையை முதல் நாளில் எங்கே அழைத்துப்போவது, யாரிடம் எழுதி வாங்குவது

அண்ணா, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீராமபுரத்தில் டிபன் கடை வைத்திருக்கிறீர்கள். மகள் இங்கே பெங்களூரிலேயே பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. நேற்று மாலை ஆறரை மணிக்கு வார்டில் ஒரு நோயாளிக்கு இன்சுலின் போட்டுவிட்டு, ஊசிக்கு மூடி போடும்போது கையுறையைத் துளைத்து இடது ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது. இரண்டு சொட்டு ரத்தம் வந்திருக்கிறது. வார்டு சிஸ்டர் "ஸ்பிரிட் தடவிக்கோ, போய் வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டார். பிள்ளை ராத்திரி முழுக்கத் தூங்காமல், காலையில்தான் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். அந்த நோயாளிக்கு என்ன நோய் என்று தெரியாது. கல்லூரியில் சொன்னால் பிராக்டிகல் மார்க்கில் கை வைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். இப்போது என்ன செய்வது, இதில் கல்லூரிக்குப் பொறுப்பே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொறுப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், பிள்ளையைக் கிளப்புங்கள். அவள் படிக்கும் கல்லூரியின் மருத்துவமனையிலேயே கேஷுவால்டிக்குப் போய், "டூட்டியில் ஊசி குத்திவிட்டது, பி.இ.பி. பார்க்க வேண்டும்" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லச் சொல்லுங்கள். பி.இ.பி. என்பது ஊசி குத்தியபின் தொற்று ஏறாமல் தடுக்கக் கொடுக்கும் மருந்து. அங்கே இழுத்தடித்தால் வாதாடி நேரத்தை விடாதீர்கள். ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறினால் கே.ஆர். மார்க்கெட் நிறுத்தத்தில் இறங்கி நடக்கும் தூரத்தில் விக்டோரியா மருத்துவமனை. சிவாஜிநகர் பக்கம் பௌரிங் இருக்கிறது. இரண்டிலும் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் உண்டு. மையம் மூடியிருக்கும் நேரமாக இருந்தால் அங்கேயே கேஷுவால்டியில் கேளுங்கள். வழி தெரியாமல் தவித்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கட்டணமில்லா எண் அது. கையில் தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

நேரக் கணக்கு இதுதான். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளையை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது, 72 மணி நேரத்துக்குள் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பின் கொடுத்துப் பயனில்லை என்பதால் கொடுப்பதில்லை. உங்கள் மகளுக்கு இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை, கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு எதிராகக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி, அதாவது தயாராக இருக்கும் எதிர்ப்புச் சக்தி, தேவைப்பட்டால், அதை 24 மணி நேரத்துக்குள் போடுவது சிறப்பு. இன்று மாலை ஆறரைக்குள் போய்விடுங்கள் என்று நான் அவசரப்படுத்துவது அதற்காக.

நான் 27 வருடமாக நர்ஸ். கடைசி 14 வருடம் தொற்றுத் தடுப்பு நர்ஸ் வேலை. அதாவது ஊசி குத்தினாலும், கண்ணில் ரத்தம் தெறித்தாலும், லேபில் ஆசிட் கொட்டினாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குத்தான் போன் வரும். உங்கள் வீட்டில் இந்நேரம் எல்லோர் மனதிலும் எச்.ஐ.வி. என்ற ஒரே சொல்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே உண்மையான அளவைச் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்று ஏறும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று. மருந்து எடுக்காத நிலையிலேயே அவ்வளவுதான். கண்ணிலோ வாயிலோ ரத்தம் தெறித்தால் அதைவிடவும் குறைவு, பத்தாயிரத்துக்கு ஒன்பது என்பார்கள். இன்சுலின் ஊசி மெல்லியது, தோலுக்கு அடியில்தான் போகிறது, ரத்தக்குழாயில் இறங்குவதில்லை. ரத்தம் எடுத்த பெரிய ஊசியைவிட ஆபத்து குறைவு. அதை வைத்து நீங்களே "ஒன்றும் ஆகாது" என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஆனால் பிள்ளை தன் வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தால் இந்த எண்ணை அவளிடம் சொல்லுங்கள்.

தடுப்பு மருந்து வேலை செய்யும் என்பதும் இன்று நேற்றுத் தெரிந்த விஷயம் இல்லை. 1997-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஊசி குத்திய மருத்துவமனை ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. அந்தக் காலத்து ஜிடோவுடின் என்ற ஒற்றை மருந்தே ஆபத்தை 81 விழுக்காடு குறைத்ததாக அதில் கண்டார்கள். இன்று கொடுப்பது அதைவிட வலுவான கூட்டு மருந்து.

உண்மையில் நான் அதிகம் பயப்படுவது ஹெபடைட்டிஸ் பி-க்கு. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, அந்தக் கிருமி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் நூற்றுக்கு ஆறு முதல் முப்பது பேர் வரை தொற்றிக்கொள்கிறது. எச்.ஐ.வி.யோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு என்று பாருங்கள். உலர்ந்துபோன ரத்தக்கறையில்கூட அது ஏழு நாள் உயிரோடு இருக்கும். நல்ல செய்தி, இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று ஊசி. நர்சிங் கல்லூரிகளில் சேரும்போதே போடச் சொல்வார்கள். பல பிள்ளைகள் இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள், மூன்றாவதை யாரும் நினைவுபடுத்துவதில்லை. மூன்றும் போட்டிருந்தாலும் உடம்பு அதை ஏற்றுக்கொண்டதா என்று ஒன்றிரண்டு மாதம் கழித்து டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு, பார்க்க வேண்டும். அளவு 10-க்கு மேல் இருந்தால் ஹெபடைட்டிஸ் பி கவலையே வேண்டாம். மகளுக்கு எத்தனை ஊசி போட்டது, டைட்டர் பார்த்தார்களா என்று இப்போதே கேளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை, முன்கூட்டிக் கொடுக்கும் மருந்தும் இல்லை. ஆனால் ஏறினால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் முழுதாகக் குணமாகிவிடும். தேசிய ஹெபடைட்டிஸ் திட்டம் 2018-இல் தொடங்கியதிலிருந்து அரசு மருத்துவமனைகளில் அந்த மாத்திரை இலவசம். ஆகவே இதில் சரியான நாளில் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது மட்டும்தான் நம் வேலை.

கேஷுவால்டியில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பிள்ளைக்குத் தைரியமாக இருக்கும். எந்த ஊசி, எவ்வளவு ஆழம், ஊசியில் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்ததா, கையுறை போட்டிருந்தாளா என்று கேட்பார்கள். அவளுக்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றுக்கும் ரத்தம் எடுப்பார்கள். இதைப் பார்த்துப் பல பெற்றோர் பதறுகிறார்கள், "என் பிள்ளைக்கு எதற்கு எச்.ஐ.வி. டெஸ்ட்?" என்று சண்டைக்குப் போகிறார்கள். சண்டை வேண்டாம். நேற்றுவரை அவளுக்குத் தொற்று இல்லை என்பதற்கான சான்று அந்த டெஸ்ட். நாளைக்கு ஏதாவது ஆனால் அது வேலையில் வந்தது என்று காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும். அந்த நோயாளியிடமும் சம்மதம் வாங்கி ரத்தம் எடுப்பார்கள். அந்தப் பரிசோதனை முடிவுக்காக முதல் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. டாக்டர் தேவை என்று சொன்னால் அங்கேயே முதல் மாத்திரையைப் போட்டுக்கொள்ளட்டும், நோயாளிக்கு ஒன்றும் இல்லை என்று பின்னால் தெரிந்தால் டாக்டரே நிறுத்திவிடுவார்.

மாத்திரையின் பெயர் டி.எல்.டி. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். எக்ஸ்ரே அறையில் சட்டையில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சு அளவு பட்டைக்கும் டி.எல்.டி. என்றுதான் பெயர். ஒரு தடவை எங்களிடம் ஒரு பயிற்சி மாணவர் இரண்டையும் குழப்பிக்கொண்டு நின்றார், அதனால் சொல்கிறேன். முதல் வாரம் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இருக்கலாம், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். முக்கியமான ஒன்று, நம் பெண்பிள்ளைகள் பாதிப்பேர் ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறார்கள். இரும்பு, கால்சியம், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் மாதிரி மருந்துகள் எல்லாம் டோலுடெக்ராவிர் உடம்பில் சேராமல் தடுக்கும். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னால், அல்லது ஆறு மணி நேரம் கழித்து டி.எல்.டி. போட வேண்டும். இதை யாரும் சொல்லாமல் விட்டு, 28 நாளும் மாத்திரை சாப்பிட்டும் பலன் பாதியாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பாதியில் நிறுத்தக் கூடாது. பத்தாம் நாள் "ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

திரும்ப ரத்தப் பரிசோதனை ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம். நாள்காட்டியில் இன்றே குறித்துவையுங்கள். அதுவரை ரத்ததானம் வேண்டாம். வீட்டில் தட்டு, டம்ளர், பாத்ரூம் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள், கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். தனித்தட்டு போட்ட ஒரு வீட்டையும் பார்த்தேன், அந்தப் பெண் படிப்பையே விட்டுவிட்டாள்.

இனி "ஸ்பிரிட் தடவிக்கோ" என்று அந்த சிஸ்டர் சொன்னதுக்கு வருகிறேன். அவரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் தவறு தவறுதான். குத்திய இடத்தை ஓடும் தண்ணீரில் சாதாரண சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. சின்ன வயதில் முள் குத்தினால் செய்த பழக்கத்தில் விரல் தானாக வாய்க்குப் போகும், அதைத்தான் முதலில் தடுக்க வேண்டும். ஸ்பிரிட், டெட்டால், ப்ளீச்சிங் எதுவும் வேண்டாம், அவை தோலைப் புண்ணாக்கும். ரத்தம் கண்ணில் தெறித்தால் தண்ணீரிலோ சலைனிலோ நன்றாகக் கழுவ வேண்டும். வாயில் பட்டால் துப்பிவிட்டுத் திரும்பத் திரும்பக் கொப்பளிக்க வேண்டும், சோப்பு கூடாது.

கான்டாக்ட் லென்ஸ் விஷயத்தில் எல்லோரும் குழம்புகிறார்கள். ரத்தம் தெறித்தால் லென்ஸைக் கழற்றாமலேயே முதலில் கழுவ வேண்டும், அது கண்ணுக்கு ஒரு மறைப்பு மாதிரி இருக்கிறது. கழுவி முடித்தபின் கழற்றலாம். ரசாயனம் தெறித்தால் நேர்மாறு. லென்ஸுக்கு அடியில் ரசாயனம் தங்கிக்கொள்ளும், அதனால் கழுவிக்கொண்டே சீக்கிரம் லென்ஸை எடுத்துவிட வேண்டும்.

நானும் உங்கள் மகள் மாதிரிதான் இருந்தேன். 20 வயது, திருப்பத்தூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். ஒரு மருத்துவமனையில் ராத்திரி டூட்டியில் ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது கட்டை விரலில் இறங்கிவிட்டது. அப்போதும் இதே பதில்தான் கிடைத்தது, "தண்ணியில் கழுவு, ரிப்போர்ட் எல்லாம் எழுதினால் உன் பெயர்தான் கெடும்." ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தால் எச்.ஐ.வி., எடை குறைந்தால் எச்.ஐ.வி. என்று தினம் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பேச்சு வந்தபோது ஊருக்கே போகாமல் தப்பித்தேன். கடைசியில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தை எனக்கு யாரும் திருப்பித் தரவில்லை. இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணமே அதுதான். உங்கள் மகள் 12 மணி நேரத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

சரி, இப்போது கல்லூரியின் பொறுப்பு. இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இல் வந்தது, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அதன் 19-ஆம் பிரிவு, மருத்துவ சேவை தரும் ஒவ்வொரு நிறுவனமும் அங்கே வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனம், அதைப் பயன்படுத்தப் பயிற்சி, தேவைப்பட்டால் தடுப்பு மருந்து மூன்றையும் தர வேண்டும் என்று சொல்கிறது. மாணவி சம்பளம் வாங்காமல் போகலாம், ஆனால் வார்டில் ஊசி போட்டது அவள் கைதான். "ஸ்டூடன்ட் எங்கள் ஸ்டாஃப் இல்லை" என்று மருத்துவமனையும், "சம்பவம் நடந்தது மருத்துவமனையில்" என்று கல்லூரியும் ஒருவரை ஒருவர் கை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே சட்டம் பரிசோதனைக்குச் சம்மதமும் முடிவுக்கு ரகசியமும் வேண்டும் என்கிறது. உங்கள் மகளின் ரிப்போர்ட்டைக் கிளாஸில் படிக்கவும் கூடாது, அந்த நோயாளியின் ரிப்போர்ட்டை உங்கள் மகள் தோழிகளிடம் சொல்லவும் கூடாது.

சம்பளத்துக்கு இருப்பவர்களுக்கு வேறு பாதுகாப்பும் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள். தொழில்சார் நோய்ப் பட்டியலில் முதல் இடத்திலேயே இருப்பது, மருத்துவமனை வேலையிலும் ஆய்வக வேலையிலும் வரும் தொற்று நோய்கள்தான். ஆனால் சம்பவம் நடந்த அன்று எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் எந்தச் சட்டத்தையும் காட்ட முடியாது. அதனால்தான் சொல்கிறேன், இன்று கேஷுவால்டியில் சீட்டு வாங்குங்கள். தேதி, நேரம், வார்டு, எப்படிக் குத்தியது என்று நாலு வரி எழுதி பிரின்சிபாலுக்கும் மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழுவுக்கும் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்து வாங்குங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். மார்க்கில் கை வைப்பார்கள் என்ற பயத்துக்கும் மருந்து அந்தக் கையெழுத்துதான். எழுத்தில் இருக்கும் பிள்ளையைப் பழிவாங்க ஆட்கள் தயங்குவார்கள், வாய்மொழியாகச் சொன்ன பிள்ளையைத்தான் எளிதாக மடக்குவார்கள்.

இந்த ஊரில் மருத்துவம், நர்சிங், பல், பார்மசி கல்லூரிகள் பெரும்பாலும் ஜெயநகரில் இருக்கும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு 1996-க்குப் பிறகு இணைக்கப்பட்டவை. ஒரே படிப்புக்கு எல்லாக் கல்லூரியிலும் பாடத்திட்டம் ஒன்றுதான், ஆனால் விபத்து நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. ஒரு சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் எந்த இடத்திலும் ராத்திரி இரண்டு மணிக்கும் போன் எடுக்கும் ஒரு ஆள், கேஷுவால்டி அலமாரியில் முதல் மூன்று நாளுக்கான டி.எல்.டி., வார்டுச் சுவரில் அந்தப் போன் எண், இவை இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அந்தச் சுவரொட்டி ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது. நான் வேலை செய்யும் இடத்தில் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஏனென்றால் அதிகம் குத்து வாங்குவது டாக்டரோ நர்ஸோ மட்டும் இல்லை.

துப்புரவு வேலை செய்யும் அக்காக்களைச் சொல்கிறேன். மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையைத் தூக்கும்போது தொடையில் ஊசி இறங்கும், அழுக்குத் துணியை மூட்டை கட்டும்போது உள்ளங்கையில் இறங்கும். அந்த ஊசியை அவர்கள் போடவில்லை, போட்டவர் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்பார். எந்த நோயாளியுடையது என்றும் கண்டுபிடிக்க முடியாது. பாதிப்பேர் கான்ட்ராக்டில் இருப்பவர்கள், சொன்னால் வேலை போய்விடும் என்று முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் தெளிவாக இருக்கின்றன. கூர்மையான பொருளுக்கு வெள்ளை நிற, துளைபடாத டப்பா, கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, சேரும்போதும் வருடம் ஒரு முறையும் பயிற்சி. கான்ட்ராக்ட் என்று சொல்லித் தப்பிக்க அதில் இடமில்லை. ஊசி போட்டவரே, போட்ட இடத்திலேயே, மூடி போடாமல் அந்த டப்பாவில் போட வேண்டும். டப்பா முக்கால் நிறைந்தால் மூடிவிட வேண்டும். கட்டிலுக்கும் டப்பாவுக்கும் இருபது அடி தூரம் இருந்தால் யாரும் நடக்க மாட்டார்கள், அங்கேயே மூடி போட்டுப் பாக்கெட்டில் வைப்பார்கள். உங்கள் மகளும் அதைத்தான் செய்திருக்கிறாள். அவளிடம் கவனக்குறைவு என்று கோபப்படுவதற்கு முன், அவள் கைக்கு எட்டும் தூரத்தில் டப்பா இருந்ததா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் அங்கீகாரம் பெறும் மருத்துவமனைகளில் எத்தனை பேருக்கு ஊசி குத்தியது என்ற கணக்கையும் கேட்பார்கள். நல்ல நோக்கத்தோடு வைத்தது. ஆனால் எண்ணிக்கை குறைவாக இருந்தால் பெயர் நன்றாக இருக்கும் என்று சில இடங்களில் ரிப்போர்ட்டையே அமுக்குகிறார்கள். பெரிய மருத்துவமனையின் ரெஜிஸ்டரில் வருடம் முழுக்கப் பூஜ்யம் இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். குத்து நடக்காமல் இல்லை, யாரும் வந்து சொல்லவில்லை.

ஊசியோடு நிற்கவில்லை. மகள் இன்னும் இரண்டு வருடம் அங்கே இருக்கப் போகிறாள், மற்றதையும் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். உடற்கூறு அறையிலும் பயாப்சி லேபிலும் உடல் பாகங்கள் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் இருக்கும். கண் எரிச்சல் மட்டும் இல்லை, அதில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் விடாமல் தண்ணீர் விட வேண்டும். 15 நிமிடம் என்பது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் எவ்வளவு நீளம் என்று தெரியும், இரண்டு நிமிடத்தில் எல்லோரும் துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பல் கல்லூரியில் செராமிக் வேலைக்கு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வைத்திருப்பார்கள். அது வித்தியாசமான எதிரி. பட்டவுடன் பெரிதாக எரியாது, சில மணி நேரம் கழித்து எலும்புக்குள் வலிக்கும், ரத்தத்தில் கால்சியத்தை இழுத்துவிடும். தண்ணீரில் கழுவிவிட்டு கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவிக்கொண்டே கேஷுவால்டிக்கு ஓட வேண்டும். அந்த அமிலம் இருக்கும் அலமாரியிலேயே அந்த ஜெல்லும் இருக்க வேண்டும். நான் போய்ப் பார்த்த இரண்டு இடத்தில் அமிலம் இருந்தது, ஜெல் இல்லை.

துப்புரவு அறையில் நடக்கும் விபத்து வேறு மாதிரி. ரத்தம் சிந்திய தரைக்கு ஹைப்போகுளோரைட் என்ற ப்ளீச் ஊற்றுவார்கள், சீக்கிரம் பளிச்சென்று ஆகட்டும் என்று மேலே பாத்ரூம் ஆசிடையும் ஊற்றுவார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது உயிரை எடுக்கும். இருமல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும், உள்ளே போய் வாளியைக் காப்பாற்றக் கூடாது. என்ன ரசாயனம் என்று தெரியாத எந்த விபத்துக்கும் டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117-இல் எந்நேரமும் கேட்கலாம், டாக்டரும் கேட்கலாம், நாமும் கேட்கலாம். புற்றுநோய் மருந்து கலக்கும் வேலையில் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் போடக் கூடாது. லேப் எலி கடித்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கதிர்வீச்சைப் பற்றி ஒன்று. 2010-இல் டெல்லியில் ஒரு பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருடமாகப் பயன்படாமல் கிடந்த, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த கருவியைப் பழைய சாமான் என்று ஏலம் விட்டார்கள். அது மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய் உடைக்கப்பட்டது. பலர் கதிர்வீச்சில் காயப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். கருவியை ஏலம் விட்டவர்கள் படித்தவர்கள், கையால் உடைத்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. வார்டில் ஊசியைப் பையில் போடுகிறவரையும் அந்தப் பையைத் தூக்குகிறவரையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு மாயாபுரிதான் நினைவுக்கு வரும்.

அண்ணா, எழுதிக்கொண்டே போகிறேன், நீங்கள் கிளம்புங்கள். பிள்ளையை வெறும் வயிற்றில் கூட்டிப்போகாதீர்கள், முதல் மாத்திரை குமட்டும், உங்கள் கடை இட்லி இரண்டு சாப்பிடட்டும். உள்ளே டாக்டர் பேசும்போது அவளே பதில் சொல்லட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். சில கேள்விகளுக்கு அப்பா முன்னால் பதில் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்கும். சீட்டில் நேற்று மாலை 6.30 என்று நேரம் சரியாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டி.எல்.டி. ஆரம்பித்தால் இன்று எத்தனை மணிக்குப் போட்டாள் என்று குறித்துக்கொண்டு, நாளையும் அதே நேரத்துக்குக் கொடுங்கள்.